தள்ளுவண்டிக் கடை போடுமுன்: நகராட்சி அட்டை வாங்கும் வழி

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் சாயங்கால இட்லிக் கடை போட்டு நான்கு வருடம் ஆகிறது. வியாபாரி அட்டை கைக்கு வரவே அதில் இரண்டரை வருடம் போய்விட்டது. நடுவில் ஒருமுறை நகராட்சி பறிமுதல் செய்து எங்கள் வண்டி லாரியில் ஏறியது, ஒரு தரகரிடம் 1,500 ரூபாய் போனது, ஒரு கணக்கெடுப்பு கைநழுவியது. இந்த மூன்றும் உங்களுக்கு வரவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் தள்ளுவண்டி, தரைக்கடை, கூடை வியாபாரம் செய்யப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் அடிப்படை 2014ஆம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டம். ஊராட்சி எல்லைக்குள் இந்தச் சட்டம் சொல்லும் குழு, கணக்கெடுப்பு, அட்டை எதுவும் கிடையாது. அங்கே கடை போடுகிறவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

1. வண்டி வாங்குமுன் இடம் யாருடையது என்று பாருங்கள்

எல்லாரும் முதலில் வண்டிதான் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான். தகரக் கூரை, கண்ணாடிப் பெட்டி, பெயர்ப்பலகை எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கே நிறுத்துவது என்று யோசித்தோம்.

ஊருக்குள் இருக்கிற சாலையெல்லாம் நகராட்சிச் சாலை என்று நினைக்காதீர்கள். கடைவீதியின் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். ரயில் நிலைய வாசலும் அதன் வண்டி நிறுத்துமிடமும் ரயில்வே நிலம். ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கோயிலை ஒட்டிய காலியிடம் கோயிலுக்குச் சொந்தமாக இருக்கலாம். நெடுஞ்சாலைக்காரர்கள் அளந்து கோடு போட்டு ஜேசிபியோடு வரும் நாளில், நகராட்சி ஆளைத் தெரியும் என்பது எடுபடாது. நகராட்சி அலுவலகத்தில் நகரமைப்புப் பிரிவில் சாலைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். செலவில்லை, அரை நாள் வேலை.

அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள்: அந்தத் தெரு விற்பனை மண்டலமா, தடை மண்டலமா, நேரக் கட்டுப்பாடு உண்டா? சில தெருக்களில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் விற்க விடுவார்கள். காலையில் பூ, காய். சாயங்காலம் டிபன் என்று ஒரே இடத்தை இருவர் பங்குபோட்டுக் கொள்வதும் உண்டு. தடை மண்டலத்தில் நல்ல வியாபாரம் நடக்கிறதே என்று பார்த்து மயங்காதீர்கள். சென்னை என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடை போடக்கூடாது என்று உயர்நீதிமன்றமே சொன்ன பிறகும் அங்கே கடைகள் முளைத்தன, அகற்றினார்கள், மறுபடி முளைத்தன. பல வருடப் பழக்கமுள்ளவர்கள் தாக்குப் பிடிப்பார்கள். புதிதாக வருகிறவரால் முடியாது.

2. கணக்கெடுப்பு எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அட்டைக்கு ராஜபாட்டை கணக்கெடுப்புதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளாட்சி அமைப்பு சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அதில் பெயர் வந்தவருக்கு விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் தரவேண்டும். எத்தனை பேருக்கு இடம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு: மக்கள்தொகையில் 2.5 சதவீதம். ஒரு மண்டலம் தாங்குவதற்கு மேல் ஆள் இருந்தால் குலுக்கல், மிச்சப்பேருக்குப் பக்கத்து மண்டலத்தில் இடம்.

நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். எங்கள் தெருவுக்குக் கணக்கெடுப்பு ஆள் வந்தது காலை பதினொரு மணிக்கு. எங்கள் வண்டி கிளம்புவதோ நாலு மணிக்கு மேல். மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பூக்கடை அக்கா போன் பண்ணிச் சொன்னதும் போட்டது போட்டபடி ஓடினேன். அந்தத் தம்பி அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார். "அக்கா, நான் வந்தப்ப இங்க வண்டியே இல்லையே, எதை போட்டோ எடுக்கறது?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். வண்டியோடு ஆளையும் நிறுத்திப் படம் எடுத்து ஏற்றினால்தான் அவர் கைப்பேசியில் அடுத்த பக்கமே திறக்கும்.

மாலைக்கடை, இரவுக்கடை, வாரச்சந்தைக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு. கணக்கெடுப்பு அறிவிப்பு வந்தால், எங்கள் வியாபாரம் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சில நாள் மட்டும் காலையிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் தப்பில்லை. கையில் ஆதார், குடும்ப அட்டை நகல் இருக்கட்டும். சுற்றி விற்பவராக இருந்தால் எந்தெந்தத் தெரு என்று கேட்பார்கள். யோசிக்காமல் சொல்லத் தெரியவேண்டும். நிலையான கடை, நடமாடும் கடை என்று அட்டையில் வகை உண்டு. தவறான வகையில் பதிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

3. கணக்கெடுப்பு முடிந்துவிட்டதா? மனு கொடுங்கள்

"அடுத்த கணக்கெடுப்புல பாத்துக்கலாம்மா" என்று அலுவலகத்தில் எனக்கு மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். சட்டத்தின் 4ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவிலும் புதிதாக விற்க வருகிறவர் கேட்கலாம். மண்டலத்தில் இடமிருந்தால் நகர விற்பனைக் குழு சான்று தரலாம். தந்தே ஆகவேண்டும் என்றில்லை, தரலாம். அதனால் மனு தெளிவாக இருக்கவேண்டும்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் ஆணையர்தான். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பக்கத்துக் கடைக்காரர்களில் ஒருவருக்காவது ஒரு உறுப்பினரைத் தெரிந்திருக்கும். எங்கள் மனு நகர்ந்ததே ஒரு வளையல் கடை அக்கா குழுக் கூட்டத்தில் அதை எடுத்துக் கேட்டதால்தான்.

மனுவோடு வைக்க வேண்டியவை: ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், வண்டியோடு நீங்கள் நிற்கும் படம், எந்த இடம், என்ன பொருள், எத்தனை மணி என்று எழுதிய தாள். கைப்பேசியில் தேதியும் இடமும் படத்தின் மேலேயே விழுகிற மாதிரிச் செயலிகள் இருக்கின்றன, அதில் எடுங்கள். கூடவே ஒரு உறுதிமொழி: நானோ என் குடும்பத்தாரோதான் கடையை நடத்துவோம், எனக்கு வேறு பிழைப்பு இல்லை, சான்றை யாருக்கும் வாடகைக்கு விடவோ மாற்றிக் கொடுக்கவோ மாட்டேன். சட்டம் கேட்பது இந்த மூன்றும்தான். இதை முத்திரைத் தாளில் நோட்டரி கையெழுத்தோடு எழுதவேண்டும் என்று யாராவது சொன்னால், பணம் செலவழிக்குமுன் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆதாரில் பழைய ஊர் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், கைப்பேசி எண்ணையும் இணைத்துவிடுங்கள். பின்னால் கடனுக்குப் போகும்போது இந்த எண்ணில்தான் எல்லாம் வந்து நிற்கும். எனக்கு இதற்கே மூன்று வாரம் போனது.

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய்த் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மேசையில் இருக்கிறவர் கையில் நேராகக் கொடுத்த மனு, மனுவே கிடையாது. என் முதல் மனுவை ஒருவர் வாங்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஐந்து மாதம் கழித்துப் போனபோது அதே கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது, மேலே ஒரு காலண்டர். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஆணையர் பெயருக்கு அனுப்பிவிடுங்கள்.

4. தரகரும் சங்க அட்டையும்

அலுவலக வாசலில் எப்போதும் ஒருவர் நிற்பார். எங்களுக்குக் கிடைத்தவர், "1,500 குடுங்க, பத்து நாள்ல அட்டை" என்றார். பத்தாவது நாள் சொன்னபடியே அட்டை வந்தது. நல்ல பளபளப்பு, என் படம், வரிசை எண், ஒரு முத்திரை. ஏதோ ஒரு வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினர் அட்டை அது. லாரி வந்த அன்றைக்கு அதைத்தான் நீட்டினேன். அந்த அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நகராட்சின்னு எங்கம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

சங்கத்தில் சேருங்கள், சேரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வியாபாரிதான் என்பதற்குச் சங்க உறுப்பினர் அட்டை ஒரு சான்று. அவசரத்துக்கு நாலுபேர் கூட வருவார்கள். ஆனால் அது கடை போட அனுமதி ஆகாது. அனுமதி என்பது ஆணையர் அல்லது செயல் அலுவலர் கையெழுத்திட்ட விற்பனைச் சான்று மட்டுமே.

அடிக்காசு ரசீதும் இதே கதைதான். தினமும் குத்தகைக்காரரின் ஆள் வந்து காசு வாங்கிச் சீட்டுக் கிழிப்பார். காசு வாங்குகிறார்களே, அப்படியென்றால் அனுமதிதானே என்று நினைப்பது இயல்பு. இல்லை. அதற்காக ரசீதை எறிந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் இத்தனை நாளாகக் கடை நடத்துகிறேன் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. இயந்திரத்திலிருந்து வரும் ரசீது இரண்டு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். சீட்டில் வரிசை எண்ணும் உள்ளாட்சியின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தராமல் காசு கேட்டால் அது மாமூல். அதை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், நான் எழுதமாட்டேன்.

5. மனு கொடுத்தபின் எத்தனை நாள் காத்திருப்பது?

30 நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. என் மனுவின் நிலை என்ன, எங்கள் தெரு எந்த மண்டலம், குழு கடைசியாக எப்போது கூடியது, கணக்கெடுப்புப் பட்டியல் நகல் வேண்டும் என்று நாலே கேள்வி. ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். அவர்களுக்குக் கெடு 30 நாள். என் அனுபவத்தில் இந்தப் பத்து ரூபாய்க்குக் கிடைத்த மரியாதை வேறெதற்கும் கிடைக்கவில்லை. இருபதாம் நாள் அவர்களே போன் செய்து, "நேரில வாங்கம்மா" என்றார்கள்.

அதுவும் நகரவில்லையா? திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். முத்திரை வாங்கிய பிரதியை இணைத்து மனு கொடுத்துப் பதிவெண் வாங்குங்கள். அங்கே கூட்டம் எக்கச்சக்கம், எட்டரைக்கே போய்விடுவது நல்லது.

குழு உங்கள் மனுவை நிராகரித்தால் உள்ளாட்சி அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, ஆணை கைக்கு வந்த வாரமே கிளம்பிவிடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவுவார்கள்.

6. அட்டை வந்ததும்

வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். பெயர், கடை வகை, இடம், நேரம், செல்லுபடியாகும் தேதி. எங்கள் அட்டையில் தெருப்பெயரை மாற்றி அச்சடித்திருந்தார்கள். அப்போதே சொன்னதால் இரண்டு நாளில் திருத்திக் கொடுத்தார்கள்.

அட்டை பட்டா ஆகாது. அந்த இடத்தின்மேல் நிரந்தர உரிமை எதையும் இந்தச் சட்டம் தரவில்லை என்று அதிலேயே இருக்கிறது. அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டால் சான்றை ரத்து செய்யலாம்; ரத்து செய்யுமுன் உங்கள் தரப்பைக் கேட்கவேண்டும். ஊருக்குப் போகிறோம் என்று பத்து நாள் மச்சினனிடம் வண்டியை விடுவதுகூட, அவர் உங்கள் குடும்பத்தாரா என்ற கேள்வியில் போய் நிற்கும். வியாபாரி இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடியாமல் போனாலோ கணவன் அல்லது மனைவிக்கு, இல்லையென்றால் அவரைச் சார்ந்த பிள்ளைக்கு, அட்டைக்காலம் முடியும்வரை மாற்றலாம்.

பராமரிப்புக் கட்டணம் மாதாமாதம் கேட்பார்கள். தொகை ஊருக்கு ஊர் வேறு. குப்பைத் தொட்டி கட்டாயம் வையுங்கள், இரண்டாக.

7. சாப்பாடு விற்கிறவர்களுக்குத் தனியாக

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இல்லாமல் அடுப்பே பற்றவைக்காதீர்கள். நம்மைப் போன்ற சின்னக் கடைக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். நான் கட்டியபோது வருடத்துக்கு 100 ரூபாய். இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 200 கட்டினேன். அந்தத் துறையின் ஃபோஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நாமே செய்யலாம். ஆதார், படம், முகவரிச் சான்று போதும். சிலர் இதற்கு 2,000 வரை வாங்குகிறார்கள். 14 இலக்க எண் வரும், அதை வண்டியில் தெரிகிற மாதிரி எழுதவேண்டும்.

சிலிண்டர்தான் அடுத்த பொறி. வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அதை வண்டியில் வைத்தால் பறிமுதல் செய்வார்கள். கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர், அல்லது சின்ன வண்டிக்கு 5 கிலோ. ஐந்து கிலோ விலை கூடத்தான், ஆனால் அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் அன்றே கிடைக்கும். தராசு வைத்து விற்பவர்கள் தொழிலாளர் துறையில் முத்திரை போடவேண்டும்: மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, எடைக்கற்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை. பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் பூசிய தாளும் 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கின்றன. அதற்காகப் பழைய பேப்பருக்குப் போகாதீர்கள், அச்சு மை பட்ட தாளில் உணவு வைப்பதும் தப்பு. வாழையிலை வைத்து மந்தாரை இலையில் மடித்துவிடுங்கள்.

8. வண்டியைத் தூக்கினால்

ஒரு சனிக்கிழமை ஏழு மணி, முதல் ஈடு அப்போதுதான் வெந்துகொண்டிருந்தது. லாரி வந்து நின்றது, நாலுபேர் இறங்கினார்கள். இட்லிக் குண்டானைக் கொதிநீரோடு இறக்கி ஓரமாக வைத்தது மட்டும்தான் என்னால் முடிந்தது. வண்டி, அடுப்பு, சிலிண்டர், இரண்டு பெஞ்சு எல்லாம் போயின. செவ்வாய்க்கிழமை அபராதம் கட்டிப் போய் எடுத்தபோது சிலிண்டர் இல்லை. "வண்டியில சிலிண்டரே வரலையே" என்றார் கிடங்கில் இருந்தவர். என்னிடம் பட்டியல் இல்லை, எதைக் காட்டிக் கேட்பது?

பறிமுதல் செய்யும் பொருளுக்கு அதிகாரி கையெழுத்திட்ட பட்டியல் போட்டு, அதன் நகலை உங்களிடம் தரவேண்டும். 19ஆம் பிரிவு. அந்த நேரத்தில் அழுவதையும் கெஞ்சுவதையும் விட இதை வாங்குவதுதான் முக்கியம். தரவில்லையென்றால் உடனே வண்டியைச் சுற்றிக் கைப்பேசியில் படம் பிடியுங்கள், சிலிண்டரின் எண் தெரியவேண்டும். நீங்கள் கேட்டுக் கட்டணமும் கட்டினால், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே தரவேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். சனிக்கிழமை மாலை தூக்குவது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

சான்று வைத்திருப்பவரை அவர் இடத்திலிருந்து மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். அதற்குப் பிறகும் நகராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய் வரை அபராதம். சான்றே இல்லாமல் விற்றால் அபராதம் 2,000 வரை போகலாம். கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்று தரும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. அது ஏற்கெனவே அங்கே இருக்கும் வியாபாரிகளுக்கான கவசம். நேற்று வண்டி வாங்கியவர் அதை நம்பி நிற்கவேண்டாம். சான்றின்படி விற்கிறவரைப் போலீஸ் தடுக்கக்கூடாது என்பது 27ஆம் பிரிவு. இந்தப் பிரிவுகளை ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்திருக்கிறேன். ஏட்டு ஒருவர் ஒருமுறை அதை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுக் காசும் கொடுத்துவிட்டுப் போனார்.

9. கடன், நல வாரியம்

அட்டை வந்தால் பிரதமர் ஸ்வநிதி கடனுக்குப் போகலாம். ஜாமீன் வேண்டாம். முதல் தடவை 15,000 வரை, அதை அடைத்தால் 25,000, அதற்குப் பிறகு 50,000. தவணை தவறாமல் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமாகக் கணக்கில் வரும். 2030 மார்ச் வரை இந்தத் திட்டம் உண்டு. அட்டை இன்னும் வராதவர்கள் நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம், அதை 15 நாளில் முடிக்கவேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் பதிவேட்டில் ஏறுவதால் அட்டைக்கும் அது ஒரு படி. கடன் வேண்டாம் என்றாலும் கேட்டு வாங்குங்கள்.

தொழிலாளர் துறையின் கீழ் தெரு வியாபாரிகளுக்கு நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதியலாம், பதிவு இலவசம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. புதுப்பிக்கிற தேதியை மறந்துவிடாதீர்கள், மறந்தவர்களுக்கு ஓய்வூதிய நேரத்தில்தான் அது தெரியவருகிறது.

எனக்கு ஆன மொத்தச் செலவு, தரகருக்குப் போனதையும் லாரி அபராதத்தையும் சிலிண்டரையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், நகல், படம், தபால், பேருந்து, உணவுப் பதிவு எல்லாம் சேர்த்து 640 ரூபாய். அதில் பாதி பேருந்துக்கட்டணம், அதுவும் எங்கள் வீட்டுக்காரர் கூட வந்த நாட்களுக்கு. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்து இலவசம், நான் தனியாகப் போன நாட்களில் அந்தச் செலவும் இல்லை.